இரண்டாவது கியருக்குப் பூஜை

என் கணவர் பரந்தாமன் கியர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனி. லாரிக்கு, டிராக்டருக்கு, இன்னும் எதற்கெல்லாமோ அங்கே பல் வெட்டுகிறார்கள். இதைச் சொன்னதும் எல்லோரும், "அப்போ கியரைப் பத்தி அவருக்குத் தெரியாததா?" என்று கேட்பார்கள். அவரும் அப்படித்தான் கேட்பார். கம்பெனியில் அவருக்கு என்ன வேலை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. டைம் ஆபீஸ். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்க்கிற வேலை. கியர் வெளியே போவதையும் பார்த்திருக்கிறார். லாரியில், தார்ப்பாய் மூடி.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார்.

"சுசீலா, நம்ம வண்டியோட கியர் பாக்ஸை நானே பிரிச்சு, நானே சரி பண்ணி, விஜயதசமி அன்னிக்கு உன்னையும் பாப்பாவையும் அதுலயே உக்கார வெச்சு திருநின்றவூர் கூட்டிட்டுப் போறேன்."

என் இடுப்பிலிருந்த பாப்பா சிரித்தாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்கு அழ வேண்டும் என்று தெரியாது.

விஷயம் இதுதான். பாப்பா நல்லபடியாகப் பிறந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். கோயில் திருநின்றவூரில் இருக்கிறது. என் நாத்தனார் சொர்ணம் வீடும் அங்கேதான். அம்பத்தூரில் ரயில் ஏறினால் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர். உட்கார்ந்தபடியே போய் இறங்கலாம். ரயில் தண்டவாளத்தை விட்டு எங்கேயும் போகாது. அதுதான் எனக்கு ரயிலில் பிடித்த குணம். ஆனால் இவருக்கு, அக்கா வீட்டுக்காரர் சம்பத் முன்னால் மோட்டார் சைக்கிளில் போய் 'டுபுடுபு' என்று இறங்கினால்தான் மரியாதையாம்.

வண்டிக்கு என்ன நோய் என்றால், இரண்டாவது கியர் நிற்காது. முதல் கியரில் கிளம்பும். இரண்டாவது போட்டு முறுக்கினால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். அப்புறம் 'கடக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் 'ஊ...' என்று கத்தும். சக்கரத்துக்கும் அந்தக் கத்தலுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். போன மாதம் ஆவடி செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஆனபோது பின்னாலேயே ஒரு மிலிட்டரி லாரி. நான் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் அவர் சட்டை. லாரிக்காரன் அடித்த ஹார்னில் கண்ணை மூடியவள்தான். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபம் பாதி வந்தது. மீதிக்கு முருகா முருகா என்று வந்தது. காப்பாற்றியது யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பேருக்குமே நன்றி சொல்லி வைத்தேன்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இந்த வண்டியில் இனிமேல் என் குழந்தையை ஏற்றுவதில்லை என்று. தீர்மானித்தேனே தவிர, வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லப் பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஸ்டவ் எரிந்தால் பயம், அணைந்தால் பயம். பாப்பா அழுதால் பயம், அழாமல் தூங்கினால் அதைவிடப் பயம். அதனால் சுற்றி வளைத்தேன்.

"ஏங்க, திருவேங்கடத்துக்கிட்ட விட்டுடலாமே?"

திருவேங்கடம் என்பவர் ரயில்வே கேட்டுக்கு அருகில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர்.

"அவன்கிட்டயா? காத்து அடிக்கப் போனாக்கூட 'புச்சு போடணும் சார்'னு சொல்றவன். அவனுக்கு எதைக் காட்டினாலும் புதுசு போடணும். நல்ல வேளை, உன்னைக் காட்டல."

"ரெண்டாவது கியர் போச்சுன்னுதானே சொன்னாரு?"

"திறந்து பாக்காமலே சொன்னான். நான் திறந்து பாத்துச் சொல்றேன். கியர் கம்பெனிக்காரன் வீட்டு வண்டியில ரோட்டோர மெக்கானிக் கை வெச்சா கம்பெனிக்கே அவமானம்."

கம்பெனிக்காக அவர் அன்று செய்த தியாகம் இவ்வளவு: வராந்தாவில் பாப்பாவின் ரப்பர் ஷீட்டை விரித்தார். பாப்பா குளிக்கிற டப்பில் ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றினார். பாப்பாவின் துணியில் இரண்டை எடுத்துக் கைதுடைக்க வைத்துக்கொண்டார். பழைய மாடல் வண்டி என்பதால் இன்ஜினை இறக்காமலே கியர் பெட்டியைத் திறந்துவிடலாம். அதுதான் வினை.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "இது எங்க இருந்துதுன்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்பார். வைத்துக்கொள்வேன். அடுத்ததை எடுத்து, "இதையும்" என்பார். அதை வைத்துக்கொண்டதும் முந்தினது மறந்துவிடும்.

"ஏங்க, எனக்குத் தலை சுத்துது. ஏதாவது ஒண்ணு காணாமப் போச்சுன்னா?"

"காணாமப் போகுமா? யாரைப் பாத்து என்ன கேக்கறே? டைம் ஆபீஸ்காரன்டி நான்! உள்ள வந்தது எது, வெளிய போனது எதுன்னு எல்லாம் இங்க இருக்கு" என்று தலையைத் தொட்டுக் காட்டினார். கையிலிருந்த கிரீஸ் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"நீதான் கான்வென்ட்ல படிச்சவளாச்சே. படி."

படித்தேன். படிப்பதற்கும் பயமாகத்தான் இருந்தது.

"இரண்டாவது கியர் தானாகக் கழன்றால், நாய்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவும்."

"என்னது?"

"நாய்கள்."

"சரியாப் படிடி."

"டி, ஓ, ஜி, எஸ். டாக்ஸ். இதுக்கு வேற எப்படிங்க படிக்கறது?"

அவர் குனிந்து கியர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நிஜமாகவே தேடினார். நானும் பார்த்தேன். பக்கத்துப் போர்ஷன் வடிவு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா சுசீலா, நாய் பூந்துட்ச்சா ஊட்ல?"

"வீட்டுல இல்லக்கா, வண்டிக்குள்ள."

"ஐயையோ, எப்புடி பூந்துச்சி?"

பக்கத்தைத் திருப்பியதும் படம் இருந்தது. கியரைச் சுற்றி வெளியே இருக்கிற பல் ஒரு வகை. அது தவிர, கியரின் விலாவில் கட்டை கட்டையாக நாலைந்து முண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கியரின் பள்ளத்தில் போய்க் கவ்விக்கொள்வது அந்த முண்டுகள்தான். கவ்வுவதால் நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் மூலைகள் மழுங்கினால் கவ்வாது, வழுக்கும். 'கடக்'.

அவர் எல்லாக் கியரையும் வரிசையாக அடுக்கி, வெளிப்பல்லை எண்ணினார். எண்ணும்போது பாப்பா ஒன்றைத் தட்டிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எழுந்து நின்று, "எல்லாப் பல்லும் சரியா இருக்கு. கியர்ல ஒண்ணும் இல்ல. இது வேற பிரச்சினை" என்றார்.

நான் பயந்துகொண்டே ஒரு கியரின் முண்டைத் தொட்டுப் பார்த்தேன். கற்கண்டு மாதிரி மூலை மூலையாக இருந்தது. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாவதாகத் தொட்டது, பாப்பா வாயில் வைத்துச் சப்பித் துப்பிய கற்கண்டு மாதிரி உருண்டையாக இருந்தது.

"ஏங்க, இது மட்டும் வழவழன்னு இருக்கே."

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெற்றியில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் ஏறியது.

"இதைத்தான் நான் அப்பவே சந்தேகப்பட்டேன். இதுதான் ரெண்டாவது கியர். ஒண்ணும் இல்ல, முக்கோண அரத்தை எடுத்து நாலு ராவு ராவினா மூலை வந்துடும். திரும்ப மாட்டிட வேண்டியதுதான்."

"மாத்தணும், ராவக் கூடாதுன்னு போட்டிருக்குங்க. மேல் தோல்தான் கெட்டியாம். அது போச்சுன்னா உள்ள சீக்கிரம் தேஞ்சுடுமாம்."

"புத்தகம் எழுதினவன் கியர் விக்கிறவன்டி. அவன் வேற எப்படி எழுதுவான்?"

கண்ணை மூடினால் செக்போஸ்ட் லாரி வந்தது. ராவிய கியர், பின்னால் லாரி, மடியில் பாப்பா.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், குழாயடியில் வடிவு அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"அக்கா, அதை ராவி மாட்டி, விஜயதசமி அன்னிக்கு எங்களை அதுல கூட்டிட்டுப் போகப்போறாராம்."

"வரமாட்டேன்னு சொல்லு."

"சொல்லப் பயமா இருக்கு."

"அப்ப ஒரு சாமானை எட்த்து ஒளிச்சி வெச்சிடு. வண்டி எப்புடி ஓடும்? நீ பாட்டுக்கு புள்ளைய தூக்கிகினு ரயில்ல போ."

"அது தப்பில்லையா அக்கா?"

"புள்ளைய கொண்டாந்து லாரிக்கு முன்னால வெக்கறது தப்பில்ல. இது தப்பா?"

கான்வென்ட்டில் நல்லொழுக்கத்துக்கென்று தனியாக ஒரு வகுப்பு வைத்தார்கள். அதில் கியர் வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். வழவழப்பான அந்தக் கியரை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி, அரிசி டிரம்மின் அடியில் புதைத்தேன்.

சாயங்காலம் அவர் அரத்தோடு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்தார். எழுந்தார். ரப்பர் ஷீட்டைத் தூக்கினார். டப்புக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு வீட்டுக்குள் வந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"நானா? தேடலையே."

"கட்டிலுக்கு அடியில இருக்கீங்களே."

"தரை ஜில்லுனு இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா வாயை எதுக்குத் திறக்கறீங்க?"

"பல்லு முளைச்சிருக்கான்னு பாத்தேன்."

"முளைச்சிருக்கா?"

"இல்ல" என்றார் சோகமாக. ஏகப்பட்ட பல் உள்ள ஒன்றைத் தேடுகிறவருக்கு, பொக்கை வாயைப் பார்த்தால் சோகம் வரத்தானே செய்யும்.

"சுசீலா, வட்டமா, நடுவுல ஓட்டையா எதையாவது இந்தப் பக்கம் பாத்தியா?"

"உளுந்து வடையா?"

"வடை இல்ல."

"ஏங்க, ஏதாவது காணாமப் போச்சா?"

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வி நேராக டைம் ஆபீஸைத் தாக்கியது.

"என் கண்ணுக்குத் தப்பி இந்த வீட்டுல என்னடி காணாமப் போகும்? எல்லாம் இருக்கு. பொதுவா கேட்டேன்."

அப்போதே அவர் 'ஆமாம், கியரைக் காணோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அரிசி டிரம்மைக் கவிழ்த்திருப்பேன். அவர் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வது?

ஆனால் அதற்கு மறுநாள்தான் எனக்குத் தலை சுற்றியது. கொல்லைப்பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அவர் ராவிக்கொண்டிருந்தார். கர்... கர்... கர்...

"என்னங்க ராவறீங்க?"

"ரெண்டாவது கியரைத்தான். கிட்ட வராதே, தூள் பறக்கும்."

ஓடிப்போய் அரிசிக்குள் கையை விட்டேன். கியர் இருந்தது. கொல்லையில் இருப்பது என்ன? இரண்டு இரண்டாவது கியர் இருக்குமா? நான் புதைத்தது இரண்டாவதா, மூன்றாவதா? புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். படத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன.

அன்று சமையலுக்கு அவரைக்காயை அருவாமணையில் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். அது தானாக இரண்டாகி விழுந்தது. என் விரலில் ஒரு கீறல். கல்யாணமானதிலிருந்து, சாணை பிடித்துத் தாருங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்த அருவாமணை அது. அவர் ராவியது எது என்று புரிந்துவிட்டது. எதற்கு ராவினார் என்பதுதான் புரியவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டார். கழற்றிய சாமான்களையெல்லாம் ஒரு கோணியில் கட்டினார். கோணியை வண்டியில் வைத்தார். கேட்டைத் திறந்தார்.

"எங்கங்க போறீங்க?"

"காத்து அடிச்சுட்டு வரேன்."

"கியர் பெட்டி திறந்து கிடக்குதே, அதுக்கு எதுக்குக் காத்து?"

"டயருக்குடி!"

"கோணி?"

"அது வீட்டுல இருந்தா பாப்பா எதையாவது எடுத்து வாயில போட்டுக்குவா."

இந்தப் பதிலில் குழந்தை மேல் இருந்த அக்கறையைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. காற்று அடிப்பதற்கு இவ்வளவு நேரமா என்று வடிவு அக்காவே இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

சாயங்காலம் தெருமுனையில் 'டுபுடுபு' என்று சத்தம். வண்டி ஓடி வந்தது. அவர் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் இப்படியும் அப்படியும் மூன்று தடவை ஓட்டினார். வடிவு அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னாடி, சாமானை ஒளிச்சி வெக்கலியா நீ?" என்று கிசுகிசுத்தாள்.

"வெச்சேன் அக்கா."

"அது இல்லாமயே ஓடுது பாரு. அப்ப அது வேஸ்ட்டா இருந்த சாமானா?"

அவர் இறங்கி வந்தார். "பாத்தியா? நானே பிரிச்சேன். நானே ராவினேன். ஒரு மரத்தடியில உக்காந்து நானே மாட்டினேன். ரெண்டாவது கியர் இப்ப கல்லு மாதிரி நிக்குது."

"ரெண்டாவது கியரா?"

"ரெண்டாவதுதான்."

"அதே ரெண்டாவதா?"

"பின்ன, எதிர்வீட்டு ரெண்டாவதா? என்னடி கேள்வி இது?"

அவர் கையைப் பார்த்தேன். கியர் பெட்டியையே மாட்டிவிட்டு வந்த மனுஷனின் கை, கோயிலுக்குப் போய்வந்த மாதிரி சுத்தமாக இருந்தது. இதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான். இரண்டாவது கியர் என் அரிசிக்குள் இருக்கிறது. அது இல்லாத வண்டியில் நாளை மறுநாள் என் குழந்தை போகப்போகிறாள். அந்த இடத்தில் இந்த மனுஷன் எதை வைத்து அடைத்திருக்கிறார்? அருவாமணையின் கட்டை அப்படியேதான் இருந்தது. பார்த்துவிட்டேன்.

கேட்டால் நான் மாட்டுவேன். கேட்காவிட்டால் பாப்பா மாட்டுவாள்.

ஆயுத பூஜை அன்று இன்னொரு சோதனை. பூஜைக்கு அரிசி எடுத்து இலையில் பரப்புவது எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை வேலை. அவர் டிரம்மில் கையை விட்டால்? காலையிலேயே எழுந்து கியரை வெளியே எடுத்தேன். எங்கே வைப்பது? அலமாரியைத் திறப்பார். பரண் எனக்கு எட்டாது. சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர், திருப்புளி, அருவாமணை, கத்தரிக்கோல், என் பங்குக்குப் பாப்பாவின் பால் புட்டி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. அவரும் தொடமாட்டார். கியர் முழுக்கச் சந்தனத்தை அப்பினேன். பல் தெரியாமல் சாமந்திப்பூவைச் சுற்றினேன். அதன் மேல் மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்து வைத்தேன். எங்கள் வீட்டில் பிள்ளையார் அவ்வளவு உயரமாக என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு உள்ளே வந்தார். கற்பூரத்தை ஏற்றிப் பிள்ளையாருக்குக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றார். உதடு அசைந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். காதில் விழுந்தது.

"பிள்ளையாரப்பா, அது எங்க போச்சுன்னு மட்டும் காட்டிடு."

பிள்ளையார் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். பாப்பா கை தட்டினாள்.

விஜயதசமி காலையில் பூஜை முடிந்ததும் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி எடுக்க வேண்டும். அதை நானே செய்வதாக இருந்தேன். சரியாக அந்த நேரத்தில் பாப்பா அழுதாள். அவளைத் தூக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் பிள்ளையாரை நகர்த்திவிட்டார்.

காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. சாமந்திப்பூ சரிந்தது. உள்ளிருந்து பல் பல்லாக எட்டிப் பார்த்தது.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். எனக்கு இதயம் இரண்டாவது கியரிலிருந்து கழன்று ஓடியது.

"இது என்ன?"

"பிள்ளையாருக்கு மணை."

"எங்க கிடைச்சுது?"

"வீட்டுலதான்."

கையில் எடுத்தார். சந்தனத்தைத் துடைத்தார். முண்டைத் தடவினார். வழவழ.

"சுசீலா, இது நம்ம வண்டியோட ரெண்டாவது கியர்!"

இதோடு தொலைந்தேன் என்று நினைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கிருந்த குழப்பத்தில் வேறொன்று வந்துவிட்டது.

"அதெப்படிங்க? அதைத்தான் நீங்க ராவி, மரத்தடியில உக்காந்து வண்டியில மாட்டிட்டீங்களே?"

அவர் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. கிளம்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், செக்போஸ்ட்டில் நின்ற வண்டி மாதிரி நின்றார்.

"அப்போ வண்டியில இருக்கறது என்னங்க?" என்றேன். நிஜமாகவே பயந்துதான் கேட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்தார்.

"புதுசு."

"என்ன புதுசு?"

"புது கியர். திருவேங்கடம் போட்டான். பழசைக் காணோம்னு போய் நின்னேன். பழசு எதுக்கு சார், புச்சு போடணும்னான். போட்டான்."

"அப்போ நீங்க?"

"ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் பாப்பாவை முத்தமிட்டேன், பிள்ளையாரைக் கும்பிட்டேன், அந்த வழவழக் கியரைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வண்டியில் இருப்பது புது கியர். மாட்டியது இவர் இல்லை. இதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்?

கியர் எப்படிப் பிள்ளையாருக்கு அடியில் போனது என்று அவர் கேட்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியை இழுத்தால் அதோடு ஸ்டூலும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சுசீலா, ஒரே ஒரு உதவி. அங்க சம்பத் மாமா முன்னாடி இதைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது. நானே சரி பண்ணதா இருக்கட்டும்."

"நான் பொய் சொல்ல மாட்டேங்க. கான்வென்ட்ல படிச்சவ."

"பொய் சொல்ல வேணாம்மா. பேசாம இரு. அது போதும்."

"சரி, பேச மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வண்டியில் போனோம். இரண்டாவது கியர் நின்றது. செக்போஸ்ட்டில் நின்றது, பட்டாபிராமில் நின்றது. என் கண் மட்டும் திறக்கவில்லை. ஜெபமும் முருகாவும் மாறி மாறி வழி நெடுக ஓடின. வண்டி சரியாகிவிட்டது. லாரிகள் அப்படியேதான் இருந்தன.

கோயிலில் பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. நாத்தனார் வீட்டில் இலை போட்டார்கள். வடையைப் பார்த்ததும் இவருக்கு ஏதோ ஞாபகம் வந்து, ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, கியர் பாக்ஸ்னா எல்லாரும் பயப்படறாங்க. ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது கியர்ல நாய் தேஞ்சிருந்துது..."

"நாயா?" என்றார் சம்பத்.

"இங்கிலீஷ்ல அப்படித்தான் பேரு. கம்பெனியில எங்களுக்கெல்லாம் அது பழக்கம். வீட்டுலயே பிரிச்சு, அரம் போட்டு, மாட்டிட்டேன். சுசீலாவைக் கேளுங்க, வரும்போது கல்லு மாதிரி நின்னுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாக்குக் கொடுத்தவள். ரசத்தைப் பார்த்தேன்.

சம்பத் சாப்பிடுவதை நிறுத்தினார். அவர் கண் கலங்கிய மாதிரி இருந்தது. இடது கையால் என் கணவரின் தோளைத் தொட்டார்.

"மச்சான்! சாமியாப் பாத்து உன்னை அனுப்பியிருக்கு. என் ஸ்கூட்டர்ல ஒரு வாரமா மூணாவது கியர் நிக்கல. மெக்கானிக்கைக் கேட்டா ஏதேதோ சொல்றான். சொர்ணம், அந்தப் பழைய ஜமுக்காளத்தை வராந்தாவுல விரி. மண்ணெண்ணெய் இருக்கா பாரு."

"மாமா, ஸ்கூட்டர் வேற... அது வந்து... அதுல நாய் வேற மாதிரி..."

"எந்த மாதிரி நாயா இருந்தாலும் நீ பாத்துடுவே. அவசரமே இல்ல மச்சான். ரெண்டு நாள் இருந்து நிதானமாப் பண்ணு. அது வரைக்கும் ஆபீசுக்கு உன் வண்டியை நான் எடுத்துக்கறேன்."

"எனக்கு லீவு கிடைக்காது மாமா."

"உனக்கா?" என்று சிரித்தாள் நாத்தனார். "யார் வரல, யார் போகலன்னு எழுதறவனே நீதானேடா? உன்னை யாருடா எழுதப்போறாங்க?"

அதற்குள் ஜமுக்காளம் விரிந்துவிட்டது. ஸ்கூட்டரும் வந்து நின்றுவிட்டது. இவர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கையில் ஸ்பானரைக் கொடுத்தார். இவர் அதைத் தலைகீழாக வாங்கிக்கொண்டார்.

பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். பாவம், முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'பேசிடு, உண்மையைச் சொல்லிக் காப்பாத்து' என்று கண் கெஞ்சியது. நான் வாக்குத் தவறாமல் நின்றேன். கடைசி முயற்சியாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"மாமா, நான் இங்க இருந்துட்டா, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு சுசீலா எப்படி வீட்டுக்குப் போவா?"

அன்று அந்த வீட்டில் நான் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"ரயில் இருக்குதுங்களே."